ரெண்டு இஞ்ச் விட்டு வாங்கிய மட்டைகள்

தையல்கடை மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டணச் சீட்டில் மட்டும் புழங்கியது. தெருவுக்கு அவர் ரெண்டு இஞ்ச் மாஸ்டர். யாருக்கு எதைத் தைத்தாலும் உள்ளே ரெண்டு இஞ்ச் துணி மடித்து விடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"உடம்பு இன்னைக்கு மாதிரியே நாளைக்கும் இருக்குமா? விட்டு வெச்சா பிரிச்சுக்கலாம். வெட்டினா ஒட்டாது" என்பார்.

ஆபரேஷன் முடிந்து துரும்பாக இளைத்துப்போன தபால்காரர் புதுக் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோதும் ரெண்டு இஞ்ச் விட்டார். ஆறே மாதத்தில் தபால்காரர் பழைய தொந்தியோடு வந்து நின்று, "கொஞ்சம் பிரிச்சு விடுங்க மாஸ்டர்" என்றார். அந்த ஒரு வெற்றியை மாஸ்டர் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார்.

பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் தொடங்கி முப்பத்தைந்து வருடம் மிஷின் முன்னால் குனிந்தே இருந்ததில், நல்ல உயரமான மனிதரின் முதுகு கேள்விக்குறியாக வளைந்துவிட்டது. தொந்தி மட்டும் யாரையும் கேட்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் ஐம்பத்து மூன்றாம் வயதில் கோல்ஃப் ஆடக் கிளம்பினார் என்றால் அதற்குச் சம்பந்திதான் காரணம். சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குள்ளமான ஆள், பெரிய குரல். ஞாயிறுதோறும் நாலு பேர் சேர்ந்து ஆடும் அவர் அணியில் ஒருவர் வெளியூர் போய்விட, "அந்த இடம் உங்களுக்குத்தான் சம்பந்தி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பெரிய மைதானத்துக்குள் காலை வைக்க ஒரு தேர்வு உண்டு. அங்கே உள்ள தண்ணீர்க் குட்டைக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று பந்து அடிக்க வேண்டும். ஒன்றாவது அந்தக் கரையில் விழ வேண்டும். வருடத்துக்கு மூன்று வாய்ப்பு. சம்பந்தியின் பழைய மட்டைகளை இரவல் வாங்கி மாஸ்டர் இரண்டு வாய்ப்பைத் தொலைத்திருந்தார். ஆறு பந்தும் குட்டைக்குள். இப்போதெல்லாம் அவர் தலையைக் கண்டாலே குட்டையில் இருந்த வாத்துகள் தாமாகவே கரையேறிவிடும்.

மூன்றாவதிலும் தோற்றால் இன்னொரு வருடம் வலைக்குள் நின்று பயிற்சிதான். அணியில் உள்ள இடம், அடுத்துக் காத்திருக்கும் பல் டாக்டர் ஒருவருக்குப் போய்விடும். பல் டாக்டர் இதற்கென்றே புதுத் தொப்பி வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி.

"நிமிர்ந்து நில்லுங்க சம்பந்தி! கீழ விழுந்த ஊசியைத் தேடுற மாதிரியே நிக்கிறீங்க!" என்று நாலு மாதமாகக் கத்திக் கத்திச் சம்பந்திக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில், "என் ஸ்டிக் உங்களுக்குக் குட்டை. சொந்தமா வாங்கிடுங்க" என்றார்.

மாஸ்டர் மனைவியோடு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். சுவர் முழுக்க மட்டைகள். மாஸ்டர் ஒவ்வொன்றின் பிடியையும் கோட்டுத் துணியைப் பார்ப்பது போலக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கசக்கிப் பார்த்தார். ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார்.

கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து டேப்பை உருவினார். "நேரா நில்லுங்க சார், அளவு எடுக்கணும்."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. முப்பத்தைந்து வருடத்தில் அவரை யாரும் அளந்ததில்லை. "டேப்பை எங்கே வாங்கினீங்க?" என்றார் சந்தேகமாக.

"அது கம்பெனி டேப் சார்."

"நுனி தேஞ்சிருக்கு. கால் இஞ்ச் பொய் சொல்லும்." தம் சட்டைக்குள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து நீட்டினார். "இதுல எடுங்க."

கடைக்காரர் மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்தார். அவர் அளந்து முடித்ததும் மாஸ்டர் அதே இடத்தைத் தாமே ஒரு தடவை அளந்தார். பழக்கதோஷத்தில் கடைக்காரரின் தோள் அகலத்தையும் அளந்து, "உங்க சட்டை யார் தைச்சது? தோள் இறங்குது" என்றார்.

"இருக்கட்டும் சார். உங்களுக்கு இந்த சாதா அளவே கச்சிதமா இருக்கும்."

"கச்சிதம்னாலே எனக்குப் பயம். ரெண்டு இஞ்ச் கூட விட்டுக் குடுங்க."

கடைக்காரர் விழித்தார். "எதுக்கு சார்?"

"பின்னால தேவைப்படும்."

மாஸ்டரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, இது பள்ளிக்கூட யூனிஃபார்மா? ஐம்பத்து மூணு வயசுல இன்னும் வளரப் போறீங்களா?"

"முதுகு நிமிர்ந்தா வளர்ந்த மாதிரிதானே? அப்ப நீளத்துக்கு எங்க போறது?"

"அது நிமிர்றதுக்குள்ள பேரன் கல்யாணமே வந்துடும்."

"நீளமா இருந்தா கஷ்டம் சார்" என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"நீளமா இருந்தா நறுக்கிக்கலாம். குட்டையா இருந்தா நீங்க வந்து ஒட்டுப் போடுவீங்களா?"

கடைக்காரர் ஆர்டர் நோட்டை எடுத்தார். சொல்லி வைத்து, நாலு நாளில் ரெண்டு இஞ்ச் நீளமான மட்டைகள் வந்து சேர்ந்தன. கடையில் காஜா மிஷினை ஓரம் தள்ளிவிட்டு வீசிப் பார்த்தார். முதல் வீச்சில் குழல்விளக்கு போனது. இரண்டாம் வீச்சில் டிரயல் பார்க்கக் கோட்டு மாட்டியிருந்த மரப்பொம்மையின் தலை போனது.

"ஆள் யாரும் நிக்கலையே, புண்ணியம்" என்றாள் மனைவி. "கொண்டுபோய் நறுக்கிட்டு வாங்க."

"வெட்டினா ஒட்டாது" என்றார் மாஸ்டர், உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டே.

ஞாயிறு வந்தது. மைதானச் செயலாளர் நோட்டோடு நின்றார். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பல் டாக்டர் புதுத் தொப்பியோடு, சும்மா காற்று வாங்க வந்தவர் போல மரத்தடியில் நின்றார். வாத்துகள் கரையேறின.

முதல் பந்துக்கு ஏழாம் நம்பர் மட்டையை எடுத்து வீசினார். நீளம் கூடிப்போனதால் மட்டை பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மண்ணைக் கொத்தியது. பெயர்ந்த புல் கட்டி குட்டையைத் தாண்டி அந்தக் கரையில் போய் விழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"புல் பாஸ்" என்றார் பல் டாக்டர்.

இரண்டாம் பந்து உருண்டு போய்ப் 'புளுக்' என்று தண்ணீருக்குள் மறைந்தது.

மாஸ்டர் மட்டையை மேலும் கீழும் பார்த்தார். கால்சட்டை நீளமாக இருந்தால் மடித்து விடலாம். இதை எப்படி மடிப்பது? யோசித்தவர் பிடியை ரெண்டு இஞ்ச் கீழே இறக்கிப் பிடித்தார். மேலே மிச்சமிருந்த ரெண்டு இஞ்ச் நேராகத் தொந்தியில் போய்க் குத்தியது.

"ஆ!"

வலி தாங்காமல் தொந்தியை உள்ளே இழுத்தார். இழுத்ததில் மார்பு தூக்கியது, முதுகு நிமிர்ந்தது. கொஞ்சம் கூனினால் போதும், உடனே மறுபடி ஒரு குத்து. முப்பத்தைந்து வருடமாக யார் சொல்லியும் கேட்காத முதுகு, மட்டை சொன்னதும் கேட்டது.

"அப்படியே நில்லுங்க சம்பந்தி! அசையாதீங்க!" சம்பந்தி கட்டிய தொண்டையோடு கத்தினார்.

மூச்சை அடக்கிக்கொண்டு மாஸ்டர் வீசினார். 'டக்' என்று ஒரு சத்தம். பட்டன் தெறித்தது போலப் பந்து கிளம்பி, குட்டையைத் தாண்டி, அந்தக் கரையில், இங்கே பந்து வராது என்று நம்பி உட்கார்ந்திருந்த வாத்துகளின் நடுவே போய் விழுந்தது. வாத்துகள் கத்திய கத்தலில் செயலாளர் 'தேர்ச்சி' என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று.

பல் டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சம்பந்தி மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தம் தொந்தியைத் தடவியபடி காதோடு கேட்டார்: "சம்பந்தி, என் ஸ்டிக்கையும் ரெண்டு இஞ்ச் பிரிச்சு விட முடியுமா?"

"முதல்லயே உள்ள விட்டு வாங்கியிருக்கணும் சம்பந்தி" என்றார் மாஸ்டர் பெருமூச்சோடு.

வீட்டில் சட்டையைக் கழற்றியதும் மனைவி பதறினாள். தொந்தியின் நட்டநடுவில், கோட்டுப் பட்டன் அளவுக்கு, வட்டமாக ஒரு சிவப்புத் தழும்பு.

"ஐயோ! என்னங்க இது? வாரா வாரம் இப்படிக் குத்து வாங்கித்தான் ஆடணுமா? இப்பவாவது நறுக்கிடுங்களேன்!"

மாஸ்டர் கண்ணாடியின் முன் நிமிர்ந்து நின்று தழும்பை ரசித்தார். நறுக்குவதாவது! கழுத்து டேப்பால் அதைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, சாக்பீஸை எடுத்துப் புதுத் துணியில் குறி போட்டார்.

"ஆட்டத்துக்குத் தனியா ஒரு சட்டை தைக்கிறேன். இந்த இடத்துல மட்டும் உள்ள பஞ்சு மெத்து வெச்சு" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "சுத்தி ரெண்டு இஞ்ச் விட்டு."