கோல் வாசலில் தேங்கிய தண்ணீர்

என் கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு சிறிய சதுரக்கோட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்தது. ஒரு பக்கம் பல்லுப் பல்லாக நிற்கும். அதில் வெட்டிவிட்ட சில சொற்களுக்குக் கீழே, பென்சிலால் ஜெர்மனில் எழுதிய இரண்டு வரிகள். கூட வேலை செய்கிறவர்கள் கிட்ட வந்து வாசித்ததில்லை; மெஷினுக்கு எண்ணெய் மாற்றும் குறிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஐம்பது வயது மனிதன் தன் வெட்கக்கேட்டைப் பெட்டிக்குள் ஒட்டிவைத்து நாளுக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறான் என்பதை எந்த மொழியில் விளக்குவது?

சோலோதுர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் பனி அரங்கில் எனக்கு வேலை. இங்கே என்னை ஐஸ்மைஸ்டர் என்பார்கள். பனிக்கு எசமான் என்று அர்த்தம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட நான் எசமான் இல்லை. ஐஸ் ஹொக்கி ஆட்டத்தின் இடைவேளைகளில் பெரிய மெஷின் ஒன்றை ஓட்டிப்போய், சறுக்குச் சப்பாத்துகள் கீறிய பனியை வழித்து, மேலே சுடுதண்ணீர் பரப்பி மறுபடியும் கண்ணாடியாக்கிக் கொடுக்கவேண்டும். அந்த ஆட்டத்தை என்னைவிடக் கிட்ட நின்று பார்த்தவர்கள் குறைவு. என்னைவிடக் குறைவாக விளங்கிக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு.

அங்கேதான் தேர்வாளர் எனக்குப் பழக்கமானார். பெரிய கழகம் ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்து வைக்கும் வேலை அவருக்கு. கம்பளித் தொப்பி, பனியைப் போலவே வெளிறிய புருவம், கையில் ஒருபோதும் குடித்து முடியாத கோப்பி. கோலுக்குப் பின்னால், அரங்கைச் சுற்றிய கண்ணாடித் தடுப்பின் மூலையில் நிற்பார். பிறகு நேராக மெஷின் கொட்டகைக்கு வந்துவிடுவார். பயிற்சியாளர் பொய் சொல்லுவார், பெற்றோர் அதைவிடப் பெரிய பொய் சொல்லுவார்கள், மெஷின் ஓட்டுகிறவனுக்குப் பொய் சொல்ல என்ன தேவை என்பது அவருடைய கொள்கை. யார் பிந்தி வருகிறான், யார் கதவை உதைக்கிறான், யார் சிதறிய ரப்பர் வட்டுகளைப் பொறுக்காமல் ஓடுகிறான் என்று கேட்பார். நான் நீதவானைப் போல ஒரு வரியில் தீர்ப்புச் சொல்வேன். அவர் சதுரக்கோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பல குளிர்காலங்கள் இது சுகமாகவே நடந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் இருபத்தேழாம் இலக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

இருபத்தேழு என் அக்காவின் மகன். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற சனிக்கிழமைகளில் அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். மெஷினுக்குப் பின்னால் ஓடியே சறுக்கப் பழகினவன். பதினாறு வயதில் கொட்டகை வாசலுக்குக் குனிந்து வருகிற உயரம். பவர் ஃபோர்வர்ட் ஆகக்கூடியவன் என்று அவனுடைய பயிற்சியாளர் சொன்னார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கோல் வாசலில் போய் நிற்பான், இரண்டு பேர் முதுகில் ஏறினாலும் அசையமாட்டான், அவர்களையும் சுமந்துகொண்டு வட்டை உள்ளே தள்ளுவான் என்றார். எங்கள் குடும்பத்தில் கலியாணமான ஆண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவனுடைய வயதுப் பிரிவில் அதுதான் கடைசிக் குளிர்காலம். தேர்வாளர் தலையாட்டினால் பெரிய கழகம், அதோடு சேர்ந்த பள்ளிக்கூடம். ஆட்டாவிட்டால் எங்கள் ஊரைத் தேடி வேறு யாரும் வரப்போவதில்லை.

அன்று காலையிலேயே அக்கா போனில் எச்சரித்திருந்தாள். "தம்பி, ஆர் கேட்டாலும் பிள்ளையைப் பெரிசாச் சொல்லிப்போடாதை. நாவூறு பட்டிடும்."

ஆகவே முதல் இடைவேளையில் தேர்வாளர், "இருபத்தேழு நல்ல பையனா?" என்று கேட்டதும், பிறந்த நாளிலிருந்து பழகிய என் வாய் தன் கடமையைச் செய்தது. "அவனா? சோம்பேறி. பிடிவாதக்காரன். சொன்ன சொல் கேட்கமாட்டான். சாப்பிட மட்டும் நல்லாய் வரும்." எங்கள் ஆட்கள் என்றால் உடனே, அப்படிச் சொல்லாதையுங்கோ, தங்கமான பிள்ளையெல்லோ என்று மறுத்திருப்பார்கள். மறுப்பதற்காகத்தானே அப்படிச் சொல்வது. தேர்வாளர் மறுக்கவில்லை. பென்சிலை எடுத்தார். எழுதினார்.

இரண்டாம் பகுதி ஆட்டம் தொடங்கியதும் கொட்டகைக்குப் பின்னால் நின்று அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"சோம்பேறியெண்டோ சொன்னனீ? காலமை அஞ்சு மணிக்கு எழும்புற பிள்ளையை?"

"நீதானே அக்கா பெரிசாச் சொல்லாதையெண்டனீ."

"அது எங்கட ஆக்களிட்டயடா! வெள்ளைக்காரன் எழுதியெல்லோ வைப்பான்! ஓடிப்போய் நல்லாச் சொல்லு."

ஓடினேன். கண்ணாடி மூலையில் நின்றவரைப் பிடித்து, இருபத்தேழு தங்கமான பையன் என்றேன். அமைதி. அடக்கம். எறும்பைக்கூட மிதிக்கமாட்டான். யாராவது எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவான். சொல்லச் சொல்ல அவருடைய புருவம் இறங்கிக்கொண்டே போனது. முதுகில் இரண்டு பேரைச் சுமக்க ஆள் தேடி வந்தவரிடம், வழி விடுகிறவன் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால் முதலில் சொன்ன பிடிவாதம்தான் பாராட்டா? அதை நான் இப்போது அழித்துவிட்டேனா? சோம்பேறியை என்ன செய்வது? எது புகழ், எது பழி என்று எனக்கே தெரியாமல் போனது. அவர் பென்சிலைத் தொட்டார். அதற்குள் இடைவேளை மணி அடித்தது.

மெஷினை எடுத்தேன். கை நடுங்கியதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தைப் போலப் பனியில் வளைந்து வளைந்து போனேன். கோல் வாசலுக்கு வந்தபோது, அவர் இன்னும் எழுதுகிறாரா என்று நிறுத்தி எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயை மூட மறந்து பார்த்தேன். திரும்பி வந்து இறங்கியபோது கோல் வாசலில் ஒரு குட்டை மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்து விசிலை ஊதினார்.

கடைசி நிமிடங்களில் வட்டு வேகமாக வந்து, இன்னும் உறையாத அந்தக் குட்டைக்குள் செத்ததுபோல நின்றது. மருமகன் அதன்மேல் போய் நின்றான். முதுகில் ஒருவன், இடுப்பில் ஒருவன். தடியால் அடித்தார்கள், தள்ளினார்கள். என் அக்காவின் மகன் தண்ணீருக்குள் கால் விரித்து நின்று, வயலில் நாற்றுப் பிடுங்குகிறவனைப் போலக் குனிந்து, அவசரமே இல்லாமல் வட்டைக் கிண்டி எடுத்து உள்ளே தள்ளினான். நான் கண்ணை மூடியிருந்தேன். மற்றவர்கள் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். நான் கண்ணைத் திறந்தபோது மூலையில் தேர்வாளரைக் காணவில்லை. கோப்பிக் குவளை மட்டும் விளிம்பில் இருந்தது.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த மருமகன் கேட்டான். "மாமா, தண்ணியை வேணுமெண்டோ விட்டனீங்கள்?"

"ஓமடா. எல்லாம் திட்டம்."

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். சோம்பேறிக்காகவா, பிடிவாதத்துக்காகவா, எறும்புக்காகவா என்பது மட்டும் விளங்கவில்லை. அக்காவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. தான் போனில் திட்டியதால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

தேர்வாளர் ஓய்வு பெற்ற வருடம் கடைசியாக ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார். "யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரு வரிதான் சொல்வீர்கள். இவனைப் பற்றி மட்டும் இரண்டு விதமாகச் சொன்னீர்கள், இரண்டாம் தடவை தேடி வந்தே சொன்னீர்கள். உங்கள் பையன் என்று தெரிந்துவிட்டது. மாமன் என்று பயிற்சியாளர் சொன்னார். பிறகு நீங்கள் சொன்னது ஒன்றையும் கணக்கில் எடுக்கவில்லை" என்று சொல்லி ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் தந்தார். முதல் இடைவேளையில் எழுதியவற்றின் மேல் ஒரு நீளக்கோடு. அதன் கீழே இருந்தன அந்த இரண்டு வரிகள்.

'மாமன் நடுங்குகிறார். பையன் நடுங்கவில்லை.'

இப்போது வருகிற தேர்வாளர்கள் இளைஞர்கள். கையில் திரை, கமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. மெஷின்காரனிடம் எவரும் வருவதில்லை. போன சனிக்கிழமை என் மகள் ஆடினாள். பதினாலு வயது, அவளும் கோல் வாசலில்தான் நிற்கிறாள். அவளைப் பார்க்க ஒரு பெண் தேர்வாளர் வந்திருந்தார். இந்தமுறை புகழாமலும் பழிக்காமலும் சொல்ல ஒரு வரியை மூன்று நாளாகக் குளியலறையில் பாடமாக்கி வைத்திருந்தேன். கொட்டகை வாசலிலேயே நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார், வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.

இடைவேளை முடிந்து மெஷினை நிறுத்தி, தண்ணீர்க் குழாயை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். கையைப் பார்த்தேன். முதல் வரியில் மாற்றம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வரியை மகளிடம் சரிபார்க்கக் கண்ணாடித் தடுப்பின் பக்கம் போனேன், இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு.