நாற்பத்திரண்டு பேருக்கு இரண்டு டோக்கன்

தேவகி அக்கா மெமோவில் கையெழுத்துப் போட மறுத்த அன்றுதான் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் எட்டு மாதம் அவருடைய தையலை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நான்காவது லைனில் தைக்கும் துண்டுகள் என் மேசைக்கு வரும். தையல் ஒரு நூல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அவர் துண்டில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதாக நினைவில்லை.

அவருக்கு வயது முப்பத்தெட்டு, எனக்கு இருபத்து நான்கு. நான் அவரை "தேவகி" என்று கூப்பிடுவேன். அவர் என்னை "மேடம்" என்பார். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. டிப்ளமோ முடித்து இந்த வேலைக்குக் கிளம்பியபோது அம்மா சொன்னது ஒன்றுதான். "அங்க எல்லா ஜாதியும் இருப்பாங்க பூர்ணிமா. சாப்பாட்டு டப்பாவ யார்கூடயும் மாத்திக்காத."

அம்மா கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். கம்பெனியே அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தது. ஸ்டாஃபுக்கு மாடியில் மேசை போட்ட சாப்பாட்டு அறை, தைக்கிறவர்களுக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில் சிமெண்ட் தரை. எங்களுக்குத் தனி வேன், அவர்களுக்கு பஸ். கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடாகூட எங்களுக்கு நீலம், அவர்களுக்கு மஞ்சள்.

பாத்ரூமும் அப்படித்தான். மாடியில் இருப்பது எப்போதும் பூட்டியிருக்கும், என்னிடம் ஒரு சாவி இருந்தது. கீழே நான்காவது லைனின் நாற்பத்திரண்டு பெண்களுக்கு இரண்டு டோக்கன். சூப்பர்வைசர் கங்காதரனின் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் தகடுகள் அவை. ஒருத்தி எடுத்துப்போனால் ஆறு நிமிடத்தில் திரும்பி வந்து மாட்ட வேண்டும். அதுவரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். டோக்கனுக்குக் காத்திருப்பதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது எளிது என்று எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள்.

தேவகி அக்கா பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவுக்கு டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப்போடும் வேலை. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கிட்ட தோல் நாத்தம் வருது, வேற பெஞ்சுக்குப் போ" என்றாளாம். "உனக்குத்தான நாத்தம், நீ போ" என்று சொல்லிவிட்டு வருடம் முழுக்க அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நர்ஸ் ஆக வேண்டும் என்பது ஆசை. அந்த வருடம் அப்பா நெஞ்சு கெட்டுப் படுக்கையில் விழுந்தார். ரிசல்ட் வந்த பத்தாவது நாள் கம்பெனி வாசலில் போய் நின்றவர், இருபது வருடமாக அங்கேதான். இடையில் கல்யாணம், ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவர் பார்த்திபன், இரண்டு பெண் பிள்ளைகள். கங்காதரன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அவர் சூப்பர்வைசர் ஆனார். இவர் மெஷினிலேயே இருந்தார்.

போன வருடம் சித்திரை வெயிலில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, இடுப்பு வலியில் நிமிர முடியாமல் போனது. அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தார். சிறுநீரகத்தில் கிருமி என்று சொன்ன டாக்டர், தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"குடிக்கலாம் சார். போறதுக்கு டோக்கன் கிடைக்காது."

ஆஸ்பத்திரி டோக்கனைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "அது காலைல ஏழு மணிக்கே குடுக்கறாங்களேம்மா" என்றாராம் டாக்டர். இதைச் சொல்லும்போதெல்லாம் தேவகி அக்கா சிரிப்பார். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் தனக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது என்பார். "அந்த டாக்டருக்கு அது புரியவே இல்ல பாரு. மனுசங்க இப்டி இருப்பாங்கன்னு அவருக்குத் தோணவே இல்ல. நானு இருபது வருசமா இருந்திருக்கேன்."

வேலைக்குத் திரும்பிய அன்று இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து எல்லோரும் பார்க்கக் குடித்தார். பத்தரை மணிக்கு எழுந்தார். ஆணியில் டோக்கன் இல்லை. நேராக நடந்தார்.

"டோக்கன் எங்க?" என்றார் கங்காதரன்.

"ரெண்டும் வெளிய போயிருக்குது சார்."

"அப்ப வந்ததும் போ."

"அது வர்ற வரைக்கும் என் உடம்பு நிக்காது."

போய்விட்டு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைத்தார். மதியம் பர்சனல் மேனேஜர் ஹரிஹரன் அவரை மாடிக்குக் கூப்பிட்டார். சோதனைத் தாள்களைக் கொடுக்கப் போன நானும் அந்த அறையில் இருந்தேன். மெமோ தயாராக இருந்தது. 'அனுமதியின்றி வேலையிடத்தை விட்டுச் சென்றார்' என்று அதில் அடித்திருந்தது.

தேவகி அக்கா நிதானமாகப் படித்தார். "எங்க போனேன்னு இதுல இல்லியே சார்."

"அது எதுக்கு?"

"ஊர் சுத்தப் போன மாதிரி இருக்குது. பாத்ரூம் போனாங்க, அதுக்கு மெமோன்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஹரிஹரன் பேனாவை மூடினார். அப்படி ஒரு காகிதம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தேவகி அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். கோபமோ பயமோ அதில் இல்லை. கடைக்காரர் பில் கொடுக்கக் காத்திருப்பவர் போல நின்றிருந்தார்.

அவர் இறங்கிப் போனதும் ஹரிஹரன் என்னிடம், "அவ வேலைல தப்பு வரணும் பூர்ணிமா. தினம் அஞ்சு பீசாவது திரும்பணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் தேவகி அக்காவின் மூன்று துண்டுகளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். என் கை அதைச் செய்தது, அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர் என் மேசைக்கு வந்தார். "இதுல தப்பு எங்கன்னு காட்டுங்க மேடம்."

துண்டுகளைப் புரட்டிப் பார்த்தேன், காட்ட எதுவும் இல்லை.

"நீங்க பேரைச் சொல்லிக் கூப்புடறீங்க, நான் மேடம்ங்கறேன். உங்களவிட பதினாலு வயசு ஜாஸ்தி எனக்கு. அத நான் கேட்டதில்ல. என் தையலத் தொடாதீங்க. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

ஸ்டிக்கர்களை நானே உரித்தேன். அதற்குப் பிறகு ஒட்டவில்லை. ஹரிஹரன் இரண்டு முறை கேட்டார். தப்பு வரவில்லை சார் என்றேன். அடுத்த மாதம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சாவியையும் வாங்கிக்கொண்டார்கள், பேக்கிங் ஆட்களுக்கு மாடியில் வேலையில்லை என்று.

ஐப்பசியில் ஆடிட் வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, பெண், வேலையிடத்தைப் பார்க்க வந்தார். அதற்கு முதல் நாளே ஆணியோடு டோக்கன்கள் காணாமல் போயின. பாத்ரூமில் சோப்பும் துண்டும் வந்தன. தேவகி அக்காவிடம் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"எனக்கு லீவு வேணாம். உடம்பு நல்லாத்தான் இருக்குது."

வந்தே தீருவேன் என்றதும், பின்கட்டு குடோனில் அட்டைப்பெட்டி எண்ண அனுப்பிவிட்டார்கள். நான்காவது லைனுக்கு வந்த அதிகாரி காலியாக இருந்த மெஷினைப் பார்த்து, யாருடையது என்று கேட்டார். கங்காதரன் "லீவு மேடம்" என்றார். மற்ற நாற்பத்தொரு பேரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"லீவு இல்ல. தேவகி அக்கா குடோன்ல இருக்காங்க."

சொன்னவள் ரோஷினி. ஆலங்காயத்திலிருந்து விடிவதற்கு முன் பஸ் ஏறி வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சொல்லிவிட்டு அவளும் குனிந்துகொண்டாள். அவசரத்தில் துண்டை இழுத்து ஊசி முறிந்ததாகப் பிறகு சொன்னாள்.

அதிகாரி தேவகி அக்காவைத் தனியறையில் உட்காரவைத்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்பதை அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். டோக்கனைச் சொன்னார், ஆறு நிமிடத்தைச் சொன்னார், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். உங்கள் பெயர் அறிக்கையில் வராது, பயப்பட வேண்டாம் என்று அதிகாரி சொன்னபோது, "பேரு போட்டுக்குங்க. தேவகி பார்த்திபன், நாலாவது லைன். பேரு இல்லாம சொன்னா யாரோ சொன்ன மாதிரி ஆய்டும்" என்றார்.

அறுபது நாளில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று கடிதம் வந்தது. கம்பெனி அதன் பின்பாதியை மட்டும் லைனில் பரப்பியது. ஒருத்தி வாயால் நானூறு பேர் பிழைப்பு போகப்போகிறது என்ற பேச்சு பஸ்ஸுக்குள் ஏறியது. தேவகி அக்காவின் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. மெஷினிலிருந்து அவரைத் தூக்கி ஒட்டுப் பசை பூசும் இடத்தில் போட்டார்கள். அந்த வாடையில் தலை சுற்றும். அதையெல்லாம் அவர் பெரிதாகப் பேசியதில்லை. அவரை அழவைத்தது மரியம்மாள். பதினைந்து வருடம் பக்கத்து மெஷினில் இருந்தவர், ஒரே கிண்ணத்தில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர், ஒருநாள் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"இன்னா கிடைச்சுது உனக்கு? எம் பையன் காலேஜ் ஃபீசு நீ கட்டுவியா?"

"ஆர்டர் போச்சுன்னா என்னால போகாது மரியக்கா. ரெண்டு டோக்கன் மாட்டினவங்களால போகும். அவங்கள இந்தக் கேள்வி கேட்டியா?"

தேவகி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பார்த்திபன் அண்ணன் சொன்னார். வேலையை விட்டுவிடச் சொல்லி அவரும் கெஞ்சியிருக்கிறார். "நான் விட்டா அந்த ஆணி திரும்பவும் அங்க வந்துடும்" என்று சொல்லி மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டார்.

அதிகாரி போன இருபதாம் நாளே டோக்கன்கள் திரும்ப வந்திருந்தன. கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. நான் நான்காவது லைனில் பெட்டிகளுக்கு ஆள் கேட்டு நின்றுகொண்டிருந்தேன். மரியம்மாள் எழுந்தார். ஆணியில் டோக்கன் இல்லை.

"எங்க போற?" என்றார் கங்காதரன்.

"அவ போன எடத்துக்குத்தான்."

அவர் நடக்க, பின்னால் ரோஷினி எழுந்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த இருவர். நான் எண்ணிய வரையில் பதினொரு பேர். லைன் நின்றது. தைத்து முடிக்காத துண்டுகள் தட்டுகளில் குவிந்தன. கங்காதரன் மெமோ புத்தகத்தைத் திறந்தார், யாரை முதலில் எழுதுவது என்று தெரியாமல் மூடினார். பசை பூசும் மேசையிலிருந்து தேவகி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். மரியம்மாள் திரும்பி வரும்போது அவரருகே நின்று, கையிலிருந்த ஈரத்தை அவர் முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் டோக்கன்கள் இல்லை. எந்த அறிவிப்பும் வரவில்லை. மாடிப் பாத்ரூம் இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. சிமெண்ட் தரையும் மஞ்சள் நாடாவும் அப்படியே இருக்கின்றன. வென்றுவிட்டோம் என்று யாராவது சொன்னால் தேவகி அக்காவுக்குக் கோபம் வரும். "ஒண்ணுக்குப் போக விட்டாங்க. இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?"

கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. தொழிலாளர் கமிட்டிக்கு ஆட்களை நிர்வாகம் பொறுக்கக் கூடாது, ஓட்டுப்போட்டு எடுக்க வேண்டும். தை மாதம் தேர்தல் வைத்தார்கள். தேவகி அக்கா பசை மேசையிலிருந்தபடியே நின்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கினார். வாழ்த்துச் சொல்ல நான் அவரைத் தேடிப் போனபோது வாயில் முதன்முதலாக "அக்கா" என்று வந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "மீட்டிங்குக்கு எழுதறதுக்கு ஒரு நோட்டு வேணும் பூர்ணிமா" என்றார்.

முதல் கூட்டம் மாடியில் நடந்தது. குறிப்பெடுக்க பேக்கிங் சார்பில் என்னைப் போட்டிருந்தார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் சாய்வு நாற்காலிகள், மறுபக்கம் தொழிலாளர்களுக்கு முதுகில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஓட்டில் ஜெயித்த மற்ற நால்வரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். தேவகி அக்கா சுற்றிக்கொண்டு வந்து ஒரு சாய்வு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அது ஜெனரல் மேனேஜர் சீட்டும்மா" என்றார் ஹரிஹரன்.

"அவரு வந்தா இன்னொண்ணு போட்டுக்கலாம் சார். இவங்களுக்கும் நாலு எடுத்தாரச் சொல்லுங்க. இருபது வருசமா முதுகு வலி இருக்குது எங்களுக்கு."

ஹரிஹரன் வாசலைப் பார்த்தார். கூப்பிட அங்கே ஆள் இல்லை. அவரே எழுந்து பக்கத்து அறைக்குப் போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தேவகி அக்கா நோட்டைத் திறந்து, ஆலங்காயம் பஸ்ஸில் எழுபது பேர் நின்றுகொண்டு வருவதிலிருந்து ஆரம்பித்தார்.