ஒரு நாளுக்குள் பதில் வரும்

எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்வரை அந்த மனநலக் கவுன்சலர் அசைய மாட்டார். ஐம்பது நிமிடமும் மடியில் கோத்த கை கோத்தபடியே இருக்கும். அழுகிறவர் அழுது முடிக்கும்வரை பார்வைகூட விலகாது. ஆள் எழுந்து படியிறங்கிய மறுநிமிடம் பார்க்க வேண்டும். ஜன்னல் வரை நடப்பார், தண்ணீர் குடிப்பார், பேனா மூடியைக் கழற்றி மாட்டுவார், நாற்காலியை நாலு விரற்கடை தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே இழுப்பார். "ஊருக்கெல்லாம் நிதானம் சொல்ற, உனக்கு யார்மா சொல்றது?" என்பது கணவரின் பதினாறு வருடத்துப் பழைய ஜோக். அவரும் பதினாறு வருடமாகச் சிரித்து வைக்கிறார்.

ஒரு ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். ஸ்டோர் ரூமுக்கும் லேபுக்கும் நடுவில் அறை. கண்ணீரும் கம்பலையுமாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து, "ரத்தம் எடுக்கிற இடம் இதுதானா?" என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்பார்கள். போதுமடா சாமி என்று போன வருடம் வெளியே வந்து, ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்தார். அங்கே கதவைத் தட்ட ஆளில்லை. அது வேறு கவலை.

ஆஸ்பத்திரியில் பழகியவர்கள் ஏழெட்டுப் பேர் தேடி வந்தார்கள். புதிதாக வரவேண்டியவர்கள் எப்படி வருவார்கள்? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை மனுஷன் முதலில் போனில்தான் தட்டிப் பார்க்கிறான். அங்கே தன் பெயர் தெரிய வேண்டும். வெப்சைட் வேண்டும் என்று முடிவானது அப்படித்தான். முடிவானது அது ஒன்றுதான்.

ஏனென்றால் வெப்சைட் இரண்டு வகை. டெம்ப்ளேட் என்று ஆயத்தமாகக் கிடைப்பது ஒன்று. கட்டம் கட்டமாக எல்லாம் இருக்கும், நம் பெயரையும் நாலு வரியையும் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். இன்னொன்று நமக்கென்றே உட்கார்ந்து செய்வது. இதைச் செய்வதுதான் கணவருடைய தங்கைக்குத் தொழில். நாத்தனாரை வீட்டில் வைத்துக்கொண்டு டெம்ப்ளேட் எடுத்தால் குடும்பத்தில் என்ன சொல்வார்கள்? நாத்தனார் காசும் வாங்க மாட்டாள். சிக்கலே அங்கேதான். காசு கொடுத்திருந்தால் பிடிக்கவில்லை என்று பளிச்சென்று சொல்லிவிடலாம்.

அவள் மூன்று முறை வரைந்து காட்டினாள். முதலாவது நீலமாக இருந்தது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா." இரண்டாவதில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "இதைப் பார்த்தா இல்லாத தலைவலியும் வந்துடும்." மூன்றாவதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கூழாங்கல். "இது என்ன, கல் விக்கிறோமா?"

"அண்ணி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றாள் நாத்தனார்.

அது தெரிந்திருந்தால்தான் தொல்லையே இல்லையே. 'என்னைப் பற்றி' என்ற பக்கத்துக்கு மட்டும் பதினான்கு தடவை எழுதிக் கிழித்தார். 'உங்கள் வலி எனக்குப் புரியும்' என்று எழுதுவார். புரியாவிட்டால்? அடிப்பார். 'புரிந்துகொள்ள முயல்வேன்' என்று எழுதுவார். முயல்கிறவரிடம் யார் வருவார்கள்? அதையும் அடிப்பார். ஒரு வார்த்தை தப்பாகப் போனால் வரவேண்டிய ஒருவர் வராமல் போய்விடுவார் என்ற பயம் அவரை அரித்தது. மற்றவர்களுக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. பாதி அதுவும்தான்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனாருக்குத் தெரியாமல், ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துத் தானே நிரப்பிப் பார்த்தார். பெயரைப் போட்டார். தொழிலைப் போட்டார். போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க 'வெளியிடு' என்ற பட்டனை அழுத்தினார். பார்த்தார், பிடிக்கவில்லை, மூடினார். மூடியது தன் கம்ப்யூட்டரைத்தான். வெளியிட்டது வெளியிலேயே நின்றது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நாத்தனார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த மாடி அறைக்கே வந்துவிட்டாள். அடுத்து ஆள் வருவது நாலு மணிக்கு. "இன்னிக்கு முடிவு தெரியாம நான் எழுந்திருக்க மாட்டேன். ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

கவுன்சலர் தயங்கித் தயங்கி அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னார். நாத்தனார் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "துரோகம்! சரி, திறங்க பார்க்கலாம்."

திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணி, இது வெளியில இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம்." கீழே நகர்த்தினாள். டெம்ப்ளேட்டோடு வந்த வாசகம் ஒன்று யாரும் மாற்றாமல் அப்படியே இருந்தது: 'எங்களுக்கு எழுதுங்கள். ஒரு நாளுக்குள் பதில் வரும்.' "மூணு பேர் எழுதியிருக்காங்க... இல்ல, ஒரே ஆளுதான் மூணு தடவை."

முதல் கடிதத்தை அவள் வாய்விட்டே படித்தாள். "வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷ சர்வீஸ். கொஞ்ச நாளா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா கை நடுங்குது. வீட்ல சொல்லலை. எனக்கு நேரம் தர முடியுமா?"

நாலு நாள் கழித்து இரண்டாவது: "ஒரு நாள்ல பதில்னு போட்டிருந்துச்சு. நான் நம்பர் தப்பா குடுத்துட்டேனோ என்னவோ. திரும்பப் போட்டிருக்கேன்."

மூன்றாவதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. திரையைக் கவுன்சலர் பக்கம் திருப்பினாள். 'உங்களுக்கும் என்னோட பேச இஷ்டமில்லைன்னு புரியுது. மேல நின்னு கீழ பார்க்கும்போது மட்டும் கை நடுக்கம் நின்னுடுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

தேதியைப் பார்த்தார். நாலரை மாதம் ஆகியிருந்தது. அவர் கூழாங்கல்லைக் கிண்டல் செய்துகொண்டிருந்த வாரம்.

 கவுன்சலர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "என்னன்னு ஆரம்பிக்கறது? மன்னிப்பு முதல்ல கேட்டா அவருக்கு பாரமாயிடும்... இரு, ஒரு பேப்பர்ல எழுதிக்கறேன்..."

"போனை எடுங்க அண்ணி! அஞ்சு மாசமா வார்த்தை தேடினது போதும். உடனே கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். அதுவும் ஓய்ந்தது. அடிக்கிறதே, அப்படியானால் எண் உயிரோடு இருக்கிறது. ஆள்? இறந்தவர்களின் போனும் யாராவது சார்ஜ் போட்டால் அடிக்கத்தான் செய்யும். அதை நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

"இதை இப்ப என்ன செய்யறது?" நாத்தனார் திரையைக் காட்டிக் கேட்டாள்.

"அதே டெம்ப்ளேட் இருக்கட்டும். அந்த 'எங்களுக்கு எழுதுங்கள்' ஃபார்மைத் தூக்கிடு. என் நம்பரைப் பெரிசா போடு. அவ்வளவுதான்."

ஐந்து மாதத்துப் பஞ்சாயத்து அரை நிமிடத்தில் முடிந்தது. நாத்தனார் அதிசயமாக ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"யாருங்க? ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தீங்க." பின்னால் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது.

கவுன்சலர் பெயரைச் சொன்னார். "எங்க வெப்சைட்ல நீங்க எழுதியிருந்தீங்க. நான் இன்னிக்குத்தான் பார்த்தேன். தப்பு என்னுதுதான். இப்ப எப்படி இருக்கீங்க?"

தட்டும் சத்தம் நின்றது. "ஓ, அதுவா... இருக்கேங்க. வேலையிலதான் இருக்கேன். என் மச்சான் ஒரு நாள் என் மூஞ்சியைப் பார்த்துட்டு கையைப் பிடிச்சு ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டான். மூணு மாசமா போறேன். அவருக்கு வெப்சைட்டெல்லாம் இல்லை. போர்டே பாதி அழிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

 கவுன்சலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெயர் அழிந்த டாக்டர் மேல் நன்றியும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கடைசியா எழுதினேனே... அதை நீங்க மட்டும்தானே படிச்சீங்க?"

அவருடைய தொழிலில் ஆளுக்குக் கொடுக்கிற சத்தியம் ஒன்றுதான்: இங்கே சொல்வது வெளியே போகாது. 'ஆமாம்' என்றால் அந்த மனுஷனுக்கு நிம்மதி. லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க. இன்னொருத்தரும் படிச்சாங்க. வெப்சைட் வேலை பார்க்கறவங்க. என் நாத்தனார்."

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.  மெக்கானிக் வைத்துவிட்டாரோ என்று கவுன்சலர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"படிச்சிட்டு என்ன சொன்னாங்க?"

"உடனே உங்களைக் கூப்பிடுன்னு சொன்னாங்க. நான்தான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அதற்கு நடுவில் அவர் ஏதோ சொன்னார். கவுன்சலர், "சொல்றேங்க" என்றார். போன் அடங்கியது.

"என்ன சொன்னார் அண்ணி?"

"உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் சொல்லலை."