அம்மாவின் கையும் போர் தண்ணீரும்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அம்மா காஸ் துணி மடிக்கிறாள். போன வருஷம் வீட்டில் துணி துவைக்கிற சலவைத் தூள் அவள் கையைத் தின்றது. உள்ளங்கை வெடித்து, வெள்ளைத் துணி மடிப்பில் ஒரு ரத்தப் பொட்டு விழுந்துவிட்டது. "ஆறின பொறவு வாங்கக்கா" என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சீக்கிரம் ஆறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது.

நான் ரசாயனம் படித்துவிட்டு ஒரு மில் லேபில் இருக்கிறேன். துணி துவைக்கும் சோப்பை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். வேண்டியவை இரண்டு: துருவிய தேங்காய் எண்ணெய் சோப்பு, வெந்நீர். சோடா வேண்டாம், கலர் வேண்டாம், வாசனை வேண்டாம். லேபில் ஒரு குடுவையில் ஊற்றிக் குலுக்கியபோது நுரை தளும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் அதையே வாளியில் ஊற்றினால் நுரையே வரவில்லை. அப்பாவின் வேட்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் திப்பி திப்பியாக ஒட்டிக்கொண்டது.

"ஏட்டி, வேட்டிக்கு உறை ஊத்தி வச்சிருக்கியா?" அம்மா சிரித்தாள்.

லேபில் நான் எடுத்தது சுத்திகரித்த தண்ணீர். வீட்டில் வருவது ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு சோப்பைத் திரிய வைத்துவிடுகிறது. முதலில் சலவை சோடாவைக் கரைத்துச் செத்த நேரம் விட்டு, அப்புறம் சோப்பை ஊற்றினேன். வேட்டி பளிச்சென்று வந்தது. ஆனால் சோடா அந்தக் கைக்குச் சுத்தமாக ஆகாது.

"இதுல என்னத்த யோசிக்க? துவைக்கிற கைய மாத்து" என்று அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்.

"என் சேலைய நீங்க அலசவா? பக்கத்து மாடில பாத்தா என்ன நெனைப்பாக?"

"பட்டாளத்துல எனக்கு யாரு துவைச்சா, உங்க ஆத்தாவா?"

பாத்திரம் எனக்கு, துணி அவருக்கு, அதட்டல் அம்மாவுக்கு என்று வேலை பிரிந்தது. நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளை அறியாமல் கை வாளிப் பக்கம் போகும். அப்பா வாளியைக் காலால் நகர்த்தி வைப்பார்.

வெடிப்பு மெல்ல மூடியது. சூப்பர்வைசர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாராம். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் நேராக மாடிக்குப் போய்க் கொடியில் கிடந்த சேலையைத் தடவிப் பார்த்தாள்.

"சோப்பே போகலியே. எம்புட்டுத் தண்ணில அலசுனீக?"

அப்பா சேலையை உருவிக்கொண்டு குழாயைத் திறக்கப் போனார்.