லீவில் வந்த யூனிபார்ம்

எம். புதுப்பட்டி ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து நிரப்புகிறவள் பொன்மணி. அவள் இருக்கிற அறையில் இதுவரை ஒரு பொறி பறந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

புருஷன் முனியராஜ் பட்டாளத்துக்காரன். 2006 பங்குனியில் லீவில் வந்தவன் யூனிபார்மைக் கழற்றவே இல்லை. டீக்கடைக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான், ரேஷன் கடை வரிசைக்கும் அதேதான்.

"டூட்டி இல்லாதப்ப இது எதுக்கு?" என்று அவள் கேட்டால், "இதைப் போட்டாத்தான் நாலு பேரு எந்திரிச்சு நிக்கிறான்" என்பான். காட்டுக் கூலிக்குப் போன அவன் அப்பாவுக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. அதனால் அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவளைப் பார்க்கக் கம்பெனிக்கே வந்துவிட்டான். வாட்ச்மேன் மரியாதையில் மயங்கி, சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். பூட்ஸ் சத்தம் கேட்டதுமே பொன்மணி மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலை மறித்தாள்.

"அங்கனயே நில்லுங்க. ஆணி அடிச்ச பூட்சும் பாலியஸ்டர் துணியும் இங்கன ஆகாது. உரசினா பொறி வரும்னு இந்த ஊர்ல பொறந்த உங்களுக்குத் தெரியாதா?"

"மிலிட்டரிக்காரனுக்கே பாதுகாப்புப் பாடமா?" என்று சிரித்தான்.

"நீங்க லீவுல இருக்கீக. நான் டூட்டியில இருக்கேன். வெளிய போங்க."

வேலை முடிந்து அவள் வந்தபோது, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கைலியும் வெறுங்காலுமாய் முனியராஜ் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.