‘உதவி’ என்று கூவக் கற்றுக்கொடுத்தேன்

சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஆகையால் ஊரார் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், ராயபுரத்தில் ஒரு சமூகக்கூடத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்திவருகிறேன். ஆபத்து நேராமல் தடுப்பது வகுப்பின் முற்பாதி. நேர்ந்துவிட்டால் தற்காத்துக்கொள்வது பிற்பாதி. நல்லதைச் சொல்லப்போய் ஏச்சு வாங்கிய வாசகர்களே, உங்களை நம்பித்தான் இவற்றை எழுதுகிறேன்.

முதல் கூட்டம்

வகுப்பைத் தொடங்குமுன் அப்பகுதித் தாய்மார்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டேன். “பெண்பிள்ளையின் மீது வீட்டின் கண் ஒன்று எப்போதும் இருக்கட்டும்” என்று உரையை முடித்தேன். தாய்மார்கள் பலமாகத் தலையசைத்தார்கள். அந்த வாக்கியத்தின் மீது எனக்கே ஒரு பெருமிதம் உண்டாயிற்று. அது பின்னர் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

அடுத்ததாக, பிடித்த கையிலிருந்து மணிக்கட்டை விடுவிக்கும் முறையைச் செய்துகாட்டினேன். கூடத்தின் பின்புறம் கைகட்டி நின்றிருந்தார் ஒரு துறைமுக லாரி ஓட்டுநர். மனைவி பெயர் கொடுத்துவிட்டாளே என்று வேவு பார்க்க வந்தவர். நான் கையை முறுக்க முறுக்க அவர் முகமும் முறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் கேட்டார்: “டீச்சர், புருசனை அடிக்கிறதும் இதுலயே வருமா, அதுக்கு வேற கிளாஸ் கீதா?”

முழங்கையும் மீன்கூடையும்

பவுனு அக்கா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். வகுப்புக்குத் தாமதமாக வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்வதில் பாதியை மறுப்பவர். பேருந்தில் பக்கத்து ஆணின் கை அத்துமீறினால் முழங்கையால் எவ்வாறு இடிப்பது என்று ஒரு ஞாயிறு முழுவதும் பயிற்சி கொடுத்தேன்.

மறுவாரம் அக்கா வந்து, திருவொற்றியூர் பேருந்தில் அத்தகைய ஒருவன் தம் அருகே அமர்ந்ததாகச் சொன்னார். “இடித்தீர்களா?” என்றேன் ஆவலோடு. இல்லையாம். மீன்தண்ணீர் சொட்டும் கூடையைத் தூக்கி அவன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். இறங்கும்வரை பிடித்துக்கொண்டே வந்தானாம். “கை சும்மா கீறதாலதான டீச்சர் அலையுது? அதான் வேலை குடுத்தேன்.”

கூவும் பயிற்சி

ஆபத்தில் குரல்தான் முதல் ஆயுதம். ஆகவே, எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து “உதவி! உதவி!” என்று உரக்கக் கூவச் செய்தேன். கூடமே அதிர்ந்தது. சற்று நேரத்தில் வாசலில் ஒரு பெண்மணி கட்டைப்பையோடு வந்து நின்று, எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மழைவெள்ளத்துக்குப்பின் அந்தப் பகுதியில் ‘உதவி’ என்றால் நிவாரண அரிசியும் போர்வையும் என்பது எனக்கு உறைக்கவில்லை. “டோக்கன் எங்க குடுக்கிறாங்க?” என்றார்.

மாணவிகள் சிரித்து ஓய்ந்தபின் ஜான்சி எழுந்தாள். வண்ணாரப்பேட்டைப் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்யும் பெண்; பேச்சில் சுறுசுறுப்பு. “டீச்சர், ‘தண்ணி லாரி வந்துடுச்சு’ன்னு கத்திப் பாருங்க. எங்க சந்துல தூங்கறவங்ககூட குடத்தோட வருவாங்க” என்றாள். நான் வன்மையாக மறுத்தேன். பொய்யை அரணாகக் கொண்டவர், உண்மை பேசும் நாளில் அரணின்றி நிற்பார் என்று விளக்கினேன். பவுனு அக்கா கொட்டாவி விட்டபடி சொன்னது: “உண்மைய சொல்லி, வராத ஜனத்த வெச்சிக்கினு நீங்க இன்னா டீச்சர் பண்ணப் போறீங்க?”

பின்னால் வருபவன்

சில வாரங்களில் ஜான்சியின் சுறுசுறுப்பு காணாமற் போயிற்று. வகுப்பு முடிந்ததும் தனியே வந்து சொன்னாள். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது எவனோ ஒருவன், முகத்தில் நீலக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளிப் பின்தொடர்கிறான். பேசுவதில்லை, தொடுவதில்லை, சந்துமுனை வரை வந்து மறைந்துவிடுகிறான். “வீட்டில் சொல்” என்றேன். தாய் ரோசியிடம் சொன்னால் அன்றே கடைவேலையிலிருந்து நிறுத்திவிடுவாராம். வேலை நின்றால் கலியாணப் பேச்சுதானாம்.

தடுப்பு முறைப்படி, தினமும் வழியை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். அவன் அந்த வழியிலும் வந்தான். அப்படியானால் அவளுடைய போக்குவரத்தை அறிந்த ஒருவன்! கடை மேற்பார்வையாளரைச் சந்தேகித்தேன். ஷேர் ஆட்டோக்காரரைச் சந்தேகித்தேன். “இன்று எந்த வழி என்று யாரிடம் சொல்கிறாய்?” என்று கேட்டதற்கு, “யார்கிட்டயும் இல்ல டீச்சர், அம்மா கேக்கும், அதுகிட்ட மட்டும்தான்” என்றாள். தாயைச் சந்தேகிக்கும் அளவுக்கு என் பாடத்திட்டம் விரிந்திருக்கவில்லை.

அவனைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று ஒரு மாலை அவள் சந்துமுனைத் தேநீர்க்கடையில் நின்றுகொண்டேன். ஜான்சி வருவாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை வெகுநேரம் கவனித்துவிட்டு, கண்ணாடிக் குவளையைச் சத்தமாக வைத்தார். “யாரும்மா நீ? டீய குடிக்காம, போற வர்ற பொண்ணுங்களயே நோட்டம் வுட்டுக்கினு கீற?”

லாரி

அவருக்கு நான் பதில் தேடுவதற்குள் ஜான்சி சந்துக்குள் திரும்பினாள். பின்னாலேயே நீலக் கைக்குட்டை. அன்று அவன் பத்தடி தள்ளி வரவில்லை. வேகமாக அவளை நெருங்கி, கையை நீட்டினான். நான் ஓடினேன். “உதவி!” என்று கூவவும் கூவினேன். ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. ஜான்சி திரும்பினாள், அவன் கையைக் கண்டாள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: “தண்ணி லாரி வந்துடுச்சு!”

கதவுகள் ஒருசேரத் திறந்தன. குடங்களோடு பெண்கள் பாய்ந்து வந்தார்கள். லாரி இல்லை, நடுவே முகம் மூடிய ஒருவன். யாரும் யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் குடங்கள் அவன் தலையில் இறங்கின. ஒருத்தி கைக்குட்டையைப் பிடுங்கினாள். அவன் கையில் இருந்தது ஜான்சியின் மதிய உணவு டப்பாவின் மூடி. வழியில் விழுந்ததை எடுத்துக் கொடுக்கத்தான் நெருங்கியிருக்கிறான். “அடிக்காதீங்கக்கா! ரோசியக்காதான் பொண்ணுக்குத் தெரியாம பாத்துக்கன்னு அனுப்ச்சுது!” என்று அலறினான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. லாரிக்காக அதற்குள் உருவாகியிருந்த வரிசையில் இரண்டாவதாக, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு நின்றிருந்தார் ரோசி. மகளை ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை. எதிர்வீட்டுக்காரி குறுக்கிட்டாள்: “அதெல்லாம் இருக்கட்டும், லாரி எங்கடி?”

வீட்டின் கண்

ஞாயிறன்று ரோசி கூடத்துக்கு வந்தார். மகளை வகுப்பிலிருந்தும் வேலையிலிருந்தும் நிறுத்தத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்; ஜான்சி என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். ரோசி நேரே என்னிடம் வந்தார். “நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பொண்ணு மேல வூட்டு கண்ணு இருக்கணும்னு? என் கண்ணு அடுப்பாண்ட கீது. அதான் என் தம்பியோட தோஸ்த அனுப்ச்சேன்.”

நான் ஓர் உவமை சொன்னேன். புதுப்படகுக்குச் சேதம் வருமென்று அஞ்சிக் கடலில் இறக்காமலேயே வைத்திருந்தான் ஒருவன். வெயிலில் காய்ந்து பலகை விரிந்து, மணலிலேயே படகு பாழாயிற்று. “இப்பல்லாம் ஃபைபர் படகுதான் டீச்சர், விரியாது” என்றார் பவுனு அக்கா. உவமை அங்கேயே மூழ்கியது. ஆயினும் வாசகர்களே, இதை மட்டும் மனத்தில் இருத்துங்கள்: காக்கப்படுகிறவளுக்குத் தெரியாமல் வைக்கும் காவல் காவலன்று, அவளுக்கு அது இன்னோர் ஆபத்து. நான் இவ்வளவு நீட்டிச் சொன்னதை ஜான்சி தாயிடம் சுருக்கிச் சொன்னாள்: “கூட நடந்து வந்தா தொணை. பின்னால மொகத்த மூடிக்கினு வந்தா பொறுக்கி. யார் அனுப்ச்சா எனக்கு இன்னாம்மா? நான் எத்தினி நாள் பயந்துகினு வந்தேன் தெரியுமா?”

ரோசி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “வேலைக்குப் போவட்டும். எவனும் பின்னால வரமாட்டான்” என்றார் மெதுவாக. வாசல் வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். சந்தேகம் இன்னும் அவர் கண்ணை விட்டு நீங்கவில்லை. “ஆனா அந்த லாரிய மட்டும் இனிமே கூப்புட வாணாம்னு சொல்லி வைங்க டீச்சர். நேத்து நெசமாவே லாரி வந்துச்சி, கத்துனதுக்கு ஒருத்தியும் நம்பி வெளிய வரல. சந்தே தண்ணியில்லாம கீது.”

எனவே, “முதலில் கத்துங்கள், அடுத்து அடியுங்கள், அனுப்பியது யார் என்பதை அப்புறம் வீட்டில் விசாரியுங்கள்” என்று என் பாடத்தைத் திருத்திவிட்டேன். என்னவென்று கத்துவது என்பதைத்தான் அந்தச் சந்து இன்னும் எனக்குச் சொல்லவில்லை.