ரஷீதா அக்கா தேடித் தேடி வாங்குன நண்டு

ரஷீதா அக்கா போய்ட்டாங்க.

காலையில டூட்டிக்குக் கிளம்பிக்கினு இருந்தேன். அவங்க பொண்ணு போன் பண்ணுச்சு. "அம்மா எழுந்திரிக்கல ஆன்ட்டி"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடுச்சு... தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக்.

திண்டிவனத்துல நான் நர்ஸா இருக்கிற டயாலிசிஸ் சென்டர்ல அவங்கதான் ரிசப்ஷன். தெனமும் கோட்டக்குப்பத்துலேர்ந்து பஸ்ல வருவாங்க. உள்ள நுழைஞ்சதும் பெரிய கண்ணாடித் தொட்டி, பக்கத்துல முக்காடு போட்டுக்கினு ஒருத்தங்க... வந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

அந்தத் தொட்டி அவங்க ஆசைப்பட்டு வச்சது. கடல் தண்ணி தொட்டி. கலர் மீனு, பூ மாதிரி ஆடுற பவளம், சாஃப்ட் கோரல்னுவாங்க. பெட்டுல படுத்திருக்கிறவங்களுக்குக் கண்ணாடித் தடுப்பு வழியா தெரியட்டும்னுதான்.

வானூர் பக்கம் கொத்தனார் ஏழுமலை அண்ணன், அப்போ டயாலிசிஸுக்கு ஒழுங்காவே வர மாட்டாரு. கேட்டா, "செவுத்தையே பாத்துக்கினு கெடக்கிறது பேஜாரா கீது சிஸ்டர்"ம்பாரு.

தொட்டி வந்தப்புறமும் அவருக்குப் புடிக்கல. "மீனு போவுது, வருது... வேற இன்னா கீது அதுல?"

அக்காவுக்கு ரோஷம் வந்துடுச்சு. பாண்டியில ஒரு கடையில செவப்பு நண்டு ரெண்டு வாங்கிக்கினு வந்தாங்க. கடல் தண்ணியில நல்லா இருக்கும்னு கடைக்காரர் சொன்னாராம்.

ரெண்டும் ஃபில்டர் பைப்புல ஏறி தண்ணிக்கு வெளியவே ஒக்காந்துக்கினு இருந்துச்சு. தள்ளி விட்டா மறுபடி ஏறும். மறுநாள் காலையில ஒண்ணு வெயிட் மெஷினுக்குப் பின்னால காஞ்சு கெடந்துச்சு.

டாக்டர் கூப்பிட்டு சொன்னாரு. "பேஷண்ட் படுத்திருக்கிற எடம்மா இது. வார்டுக்குள்ள போயிருந்தா? நண்டு வேணாம். இல்லன்னா தொட்டியையே எடுத்துடலாம்." அவர் சொன்னதும் நியாயம்தான்.

"விடுங்கக்கா, மீனே போதும்"னேன்.

"அது ஓடிப்போகப் பாக்கல ஸ்டெல்லா. காத்து தேடுது. நான்தான் எடம் குடுக்கல..."

மீதி இருந்ததை வீட்டுக்கு எடுத்துக்கினு போய் ஒரு டப்புல பாதி மண்ணு, பாதி தண்ணின்னு வச்சாங்க. ரொம்ப நாள் இருந்துச்சு அது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போனேன். பிரியாணி போடுவாங்கன்னு பாத்தா, நேரா கடற்கரைக்குக் கூட்டிக்கினு போய்ட்டாங்க. கரையில கொட்டியிருக்கிற பாறாங்கல்லு மேல ஒக்காந்து ரெண்டு பேரும் நண்டு பாத்தோம்...

அலை வந்தா கல்லைக் கவ்விக்குது. அலை போனா வெளிய ஒக்காந்து பாசி சுரண்டுது. இதையே புடிச்சுக்கினு போலாமேன்னேன்.

"இது பெருசாயிடும், மீனைப் புடிச்சிடும். கழிமுகத்துல ஒத்தக் கையி பெருசா வச்சிருக்குமே, அதுக்குச் சேறு வேணும். கை நுனிதான் பாக்கணும் ஸ்டெல்லா. கரண்டி மாதிரி இருந்தா பாசி சுரண்டும். இடுக்கி மாதிரி கூரா இருந்தா கோரலைப் பிச்சிடும்."

பஸ்ல வரும்போதும் போகும்போதும் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதாம். எனக்கு நண்டுன்னா குழம்புதான் தெரியும்னேன். தோள்ல ஒரு அடி.

மெட்ராஸ்ல தொட்டி மீனு விக்கிற கடைக்காரர் ஒருத்தரை வாட்ஸ்அப்ல பாடாப்படுத்துனாங்க. "கை தெரியற மாதிரி எடுங்க தம்பி." "இது பெருசாகுற ஜாதி, வேணாம் தம்பி." கடைசியில தட்டையா, சின்னதா, கரண்டிக் கையோட ஒரு ஜாதி... அதுக்குத்தான் சரின்னாங்க.

ஆனா நண்டு வர்றதுக்கு முன்னாடியே எடம் ரெடியா இருக்கணும்னு பிடிவாதம். தண்ணி அளவை ஒரு சாண் குறைச்சாங்க. மேல ஏறி ஒக்கார கல்லு மேடை கட்ட யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா... ஏழுமலை அண்ணனை.

"ஒரு சட்டி சிமெண்ட் குடு ரசீதாம்மா, ஜல்தியா முடிச்சிடுறேன்."

"சிமெண்ட் ஆகாதுண்ணே. தண்ணி கெட்டுடும்."

டயாலிசிஸ் இல்லாத நாள்ல வந்து, ஊசி போடற கையைப் பத்திரமா வச்சுக்கினு, ஒத்தக் கையால கல்லு மேல கல்லு அடுக்குனாரு. சரிஞ்சுது. "சரிஞ்சா இன்னொரு வாட்டி அடுக்கலாம்ண்ணே"ன்னு அக்கா பக்கத்துலயே நின்னாங்க. மறுபடியும் சரிஞ்சுது... மறுபடியும் அடுக்குனாங்க.

மேல வலை மூடி போட்டு, சுத்தி கிளிப் மாட்டி, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. அவர் மூடியை இழுத்து இழுத்துப் பாத்துட்டு, "சரி, பாப்போம்"னாரு.

நண்டு வந்துச்சு. பாசி சுரண்டும், மேல வந்து ஒக்காரும், திரும்ப எறங்கும். ஒண்ணு கூட வெளிய வரல. கோரலுக்கும் ஒண்ணும் ஆவல.

ஏழுமலை அண்ணன் பக்கத்து பெட்டுக்காரர்கிட்ட, "நான் கட்டுன மேடையில ஒக்காந்துக்கினு கீது பாரு"ன்னு காட்டுவாரு.

அதுக்காக அவர் ஒரேயடியா திருந்திட்டாருன்னு இல்ல. அப்பப்ப வர மாட்டாரு. அக்கா போன் போடுவாங்க. "அண்ணே, நண்டு சட்டை உரிச்சிருக்கு. ஓடு முழுசா கெடக்குது. வந்து பாருங்க." வந்துடுவாரு.

இன்னிக்கு கோட்டக்குப்பம் போய் மொகம் பாத்துட்டேன். அமைதியாத்தான் இருந்தாங்க. வாசல்ல ஏழுமலை அண்ணன் நின்னுக்கினு இருந்தாரு. அவருக்கு இன்னிக்கு டயாலிசிஸ் நாள்.

"இன்னிக்கு ஒருநாள் விட்டுடுறேன் சிஸ்டர். மனசே சரியில்ல."

"அக்கா இருந்தா விட்டிருப்பாங்களா? என்கூட வாங்க"ன்னேன். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்ததும் கையோட பஸ்ல கூட்டிக்கினு வந்து பெட்டுல போட்டேன்.

தொட்டியை இனிமே என்ன பண்றதுன்னு டாக்டர் மெதுவா கேட்டாரு. நான் பாத்துக்கறேன்னுட்டேன். உப்பு கலக்கக்கூடத் தெரியாது... கத்துக்கறேன்.

அக்கா, ஏழுமலை அண்ணனுக்கு டயாலிசிஸ் முழுசா முடிச்சுதான் வீட்டுக்கு அனுப்புனேன்.

நீங்க போய்ட்டு வாங்க.